புனித தாமஸ் மூரும் அவர் மகள் மார்கரெட்டும்

கோபுரம் கட்ட நினைக்கும் மனிதன் முதலில் உட்கார்ந்து, அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வுக்கு எழுதியும் இருக்கிறோம். அந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டு, மனைவி அயர்ந்து உறங்கும் வேளையில் தான் மட்டும் கண்விழித்து, இரவுக்கு இரவு தன் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பதவி போகும், பணம் போகும், வீடு போகும், இறுதியில் தலையும் போகும் என்று அவருடைய கணக்கில் விடை வந்தது. அவ்வாறே எல்லாம் போயிற்று. அவர்தான் இங்கிலாந்து நாட்டின் மறைசாட்சியான புனித தாமஸ் மூர்.

அவர் கொடுத்த விலையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். அவருடைய வீட்டுப் பெண்கள் கொடுத்த விலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆகவே இந்தக் கட்டுரையில் அவர்களுக்கும், சிறப்பாக அவருடைய மூத்த மகள் மார்கரெட்டுக்கும், சற்றுக் கூடுதலாகவே இடம் தருகிறேன்.

தாமஸ் மூர் 1478-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஜான் மூர் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதியானவர். சிறுவன் தாமஸ் சில காலம் காண்டர்பரி பேராயர் மார்ட்டனின் மாளிகையில் பணிவிடை செய்து வளர்ந்தான். அவனுடைய கூர்மதியைக் கண்ட பேராயர் அவனை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அங்கு இரண்டு ஆண்டுகள் படித்த பின், தந்தையின் விருப்பப்படி லண்டனுக்குத் திரும்பிச் சட்டம் பயின்றார். சட்டம் பயின்ற நாட்களில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கர்த்தூசியர் துறவு மடத்தை அடுத்து வாழ்ந்து, அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்குகொண்டார். துறவியாவதா, இல்லறத்தை ஏற்பதா என்று அவர் உள்ளம் ஊசலாடியது. கடைசியில் இல்லறத்தையே தேர்ந்துகொண்டார். ஆயினும் மடத்தில் பழகிய ஒன்றை அவர் விடவில்லை. உடலை உறுத்தும் மயிராடை ஒன்றைப் பட்டு உடைகளுக்கு உள்ளே சாகும்வரை அணிந்து வந்தார். வீட்டில் அதை அறிந்தவள் மார்கரெட் ஒருத்திதான். அதை யாருக்கும் தெரியாமல் துவைத்துக் கொடுப்பது அவள் வேலை.

முதல் மனைவி ஜேன் மூன்று பெண்களையும் ஓர் ஆண்மகவையும் பெற்று, 1511-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தாயற்ற நான்கு குழந்தைகளையும் காக்க ஒருவர் வேண்டும் என்று மூர் ஒரு மாதத்திற்குள் ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்துகொண்டார். அந்த அம்மையார் கண்டிப்பானவர். மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுபவர். வரலாற்று ஆசிரியர்கள் பலர் அவரைச் சற்று ஏளனமாகவே எழுதியிருக்கின்றனர். அது நியாயமன்று என்பது என் எண்ணம். அதன் காரணம் பின்னால் விளங்கும்.

பெண்களுக்குக் கல்வி கொடுத்தால் கெட்டுவிடுவார்கள் என்று படித்தவர்களே அஞ்சிய காலம் அது. மூர் தம் வீட்டையே பள்ளிக்கூடமாக்கினார். மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜான் ஆகிய நால்வரோடு, வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸும் வேறு சில பிள்ளைகளும் அங்கே படித்தனர். லத்தீன், கிரேக்கம், தர்க்கம், கணிதம், வானநூல் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே கற்பிக்கப்பட்டன. பகுத்தறிவு இருபாலாருக்கும் பொது. ஆதலால் கல்வி என்னும் விதை இரு நிலத்திலும் ஒன்றுபோல் விளையும் என்று மூர் பிள்ளைகளின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அரச அலுவலாக வெளியூரில் இருக்கும்போது பிள்ளைகள் அவருக்கு லத்தீனில் கடிதம் எழுதவேண்டும். எழுதுவதற்குச் செய்தி ஒன்றுமில்லை என்ற சாக்கு அவரிடம் செல்லாது. எழுத ஒன்றுமில்லை என்பதைப் பற்றியாவது விரிவாக எழுதுங்கள் என்பார்!

இப்பள்ளியின் மணிமுடி மார்கரெட். அவள் எழுதிய லத்தீன் கடிதம் ஒன்று தற்செயலாக எக்ஸ்டர் ஆயரின் கண்ணில் பட்டது. ஒரு பெண் இப்படி எழுத முடியுமா என்று வியந்த ஆயர், அவளுக்குக் கொடுக்கும்படி தங்க நாணயம் ஒன்றை மூரின் கையில் திணித்துவிட்டார். மூரின் உயிர்த் தோழரான பேரறிஞர் எராஸ்மஸ், கர்த்தர் கற்பித்த செபத்திற்கு லத்தீனில் விளக்கம் எழுதியிருந்தார். மார்கரெட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். அந்த நூல் அச்சேறியபோது அவள் பெயரைப் போடவில்லை. பத்தொன்பது வயது நங்கை ஒருத்தி மொழிபெயர்த்தது என்று மட்டும் குறிப்பிட்டார்கள். 1521-இல் அவள் வில்லியம் ரோப்பர் என்னும் வழக்கறிஞரை மணந்தாள். மணமான பிறகும் கணவரோடு தந்தையின் வீட்டிலேயே வாழ்ந்தாள். மூரின் வாழ்க்கையைப் பற்றி நாம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, இந்த மருமகன் பின்னாளில் எழுதிவைத்த சிறு நூலிலிருந்து கிடைத்ததே.

குடும்பம் பின்பு லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் செல்சீ என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெரிய வீடு, நூலகம், பழத்தோட்டம், சொந்தப் படகு, படகோட்டிகள். ஹோல்பைன் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அக்குடும்பத்தை வரைந்த கோட்டுச் சித்திரம் இன்றும் சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரில் உள்ளது. அதில் பெண்கள் கையில் புத்தகங்களோடு காணப்படுகிறார்கள்.

அரசாங்கத்தில் மூரின் ஏற்றம் விரைவானது. 1516-இல் அவர் லத்தீனில் எழுதிய உத்தோப்பியா என்ற நூல் ஐரோப்பாவெங்கும் அவர் புகழைப் பரப்பியது. 1521-இல் சர் பட்டம் பெற்றார். 1523-இல் பாராளுமன்றத்தின் சபாநாயகரானார். மன்னன் எட்டாம் ஹென்றி அவரிடம் பெரும் பற்று வைத்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் செல்சீக்கு வந்து உணவருந்துவான். மூரின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தோட்டத்தில் உலாவுவான். அதைக் கண்டு மருமகன் ரோப்பர் பூரித்துப்போனார். மூர் பூரிக்கவில்லை. பிரான்சு நாட்டில் ஒரு கோட்டை கிடைப்பதானால் மன்னர் என் தலையைக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்று மருமகனிடம் தெளிவாகவே சொல்லிவைத்தார்.

1529-இல் கர்தினால் உல்சி வீழ்ச்சியுற்றபோது, லார்டு சான்சலர் பதவி மூருக்கு வந்தது. மன்னனுக்கு அடுத்த நிலையில், நாட்டின் தலைமை நீதிபதி போன்ற பதவி அது. ஒவ்வொரு நாளும் தம் நீதிமன்றத்திற்குச் செல்லுமுன், அதே மண்டபத்தில் வேறொரு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த தம் முதிய தந்தையின் முன் எல்லோரும் காண முழந்தாளிட்டு ஆசி பெற்றுத்தான் செல்வார். வழக்கில் வென்ற பெண்மணி ஒருத்தி புத்தாண்டுப் பரிசாகக் கையுறைகளை அனுப்பினாள். உள்ளே 40 பவுன் பொற்காசுகள் இருந்தன. கையுறைகளை வைத்துக்கொண்டு காசுகளைத் திருப்பி அனுப்பினார். தேங்கிக் கிடந்த வழக்குகளை எல்லாம் தீர்த்து, ஒருநாள் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னபோது, இனி வழக்கே இல்லை என்று பதில் வந்ததாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் அப்பதவி வகித்த இரண்டரை ஆண்டுகளில், திருச்சபையின் போதனைக்கு மாறானவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேர் இங்கிலாந்தில் தீயிலிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் மூவரின் வழக்கில் மூருக்கு நேரடிப் பங்கு உண்டு. அன்றைய சட்டம் அது. அன்றைய ஐரோப்பாவில் இரு தரப்பாரும் அப்படித்தான் நினைத்தனர் என்பது உண்மையே. ஆனால் அந்த ஆறு பேரும் தங்கள் மனச்சான்றுக்காகவே இறந்தனர் என்பதும் உண்மை. மத நம்பிக்கையில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று நம் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிக்கையிட்டது. மூர் வாழ்ந்தது அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன். புனிதர்களும் தங்கள் காலத்து மனிதர்களே.

இனி மன்னனின் விவகாரத்திற்கு வருவோம். ஹென்றியின் அரசி, ஸ்பெயின் நாட்டு இளவரசியான கேத்தரின். அவர் முன்பு ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்து விதவையானவர். திருத்தந்தையின் சிறப்பு அனுமதி பெற்று 1509-இல் ஹென்றி அவரை மணந்தான். பிறந்த குழந்தைகளுள் மேரி என்னும் பெண் மட்டுமே தங்கினாள். அரியணைக்கு ஆண் வாரிசு வேண்டும் என்ற ஏக்கமும், ஆன் போலின் என்ற அரண்மனைப் பெண்மேல் கொண்ட மோகமும் சேர்ந்து மன்னனை ஆட்டிவைத்தன. அண்ணன் மனைவியை மணந்தது செல்லாது என்று அறிவிக்கும்படி உரோமையை வற்புறுத்தினான். உரோமை இணங்கவில்லை. அப்படியானால் இங்கிலாந்துத் திருச்சபைக்கு நானே தலைவன் என்று கிளம்பினான். 1532 மே 15-இல் நாட்டின் குருக்கள் அவனுக்குப் பணிந்தனர். மறுநாளே மூர் பதவியைத் துறந்தார்.

பதவி துறந்த செய்தியை அவர் வீட்டாருக்குச் சொன்ன விதமே தனி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், மூரின் உதவியாளர் ஆலிஸ் அம்மையாரின் இருக்கைக்குச் சென்று, பிரபு புறப்பட்டுவிட்டார் என்று பணிவாக அறிவிப்பது வழக்கம். அன்று மூரே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அதே சொற்களைத் தம் மனைவியிடம் சொன்னார். அம்மையார் முதலில் அதை விளையாட்டு என்றே நினைத்தார். பிறகு உண்மை விளங்கிற்று.

மூருக்கு எஞ்சிய வருமானம் ஆண்டுக்கு நூறு பவுனுக்குச் சற்றே மேல். பிள்ளைகள், மருமக்கள், பேரக் குழந்தைகள் என்று வீடு நிறைய மனிதர்கள். அவர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, இனி எப்படி வாழ்வது என்று ஆலோசனை செய்தார். முதலில் சட்ட மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கு இறங்குவோம். அதுவும் கட்டாவிட்டால் ஆக்ஸ்போர்டு ஏழை மாணவர் சாப்பாட்டுக்கு இறங்குவோம். அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் சேர்ந்து வீடு வீடாகப் பாடிப் பிச்சை எடுப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். படகையும் எட்டுப் படகோட்டிகளையும் தமக்குப்பின் பதவியேற்றவரிடம் சேர்ப்பித்தார். குளிர்காலத்தில் விறகு வாங்கப் பணமில்லை. இரவு படுக்கப் போகுமுன் காய்ந்த பெரணிச் செடிகளைக் கட்டாகக் கொண்டுவந்து தம் அறையில் கொளுத்துவார். அந்தச் சுடரில் குடும்பத்தார் எல்லோரும் குளிர்காய்ந்துவிட்டு, வேறு நெருப்பில்லாமல் உறங்கப் போவார்கள். அவர் திருச்சபைக்காக எழுதிய நூல்களைப் பாராட்டி, ஆயர்கள் சேர்ந்து நாலாயிரம் பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுக்க முன்வந்தனர். ஒரு காசும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

கணவர் சிரிக்கலாம், பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து சிரிக்கலாம். அடுப்படியை நடத்தியவர் ஆலிஸ் அம்மையார். அவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா?

1533 ஜூன் முதல் நாள் ஆன் போலின் அரசியாக முடிசூட்டப்பட்டாள். விழாவுக்கு வரும்படி மூன்று ஆயர்கள் மூருக்கு எழுதி, புத்தாடை வாங்க 20 பவுனும் அனுப்பினார்கள். மூர் பணத்தைப் பெற்றுக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை. மன்னன் அதை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனுக்குப் பிறக்கும் பிள்ளைகளே அரியணைக்கு உரியவர்கள் என்று குடிமக்கள் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும். சத்தியத்தின் வாசகத்திலோ திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் பொருளும் கலந்திருந்தது. ஆயர்களுள் ரோச்செஸ்டர் ஆயர் ஜான் பிஷர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் சத்தியம் செய்துவிட்டனர். 1534 ஏப்ரல் 13-இல் லாம்பெத் அரண்மனைக்கு வரும்படி மூருக்குக் கட்டளை வந்தது.

அன்று காலை பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, நற்கருணை உட்கொண்டார். அவர் எங்கே புறப்பட்டாலும் மனைவி மக்கள் படகுத்துறை வரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவது அவ்வீட்டு வழக்கம். அன்று ஒருவரையும் வர விடவில்லை. தோட்டத்துச் சிறு கதவைத் தாமே இழுத்துச் சாத்திவிட்டு, மருமகனோடு மட்டும் படகேறினார். வெகுநேரம் பேசாதிருந்தவர், பின்பு ரோப்பரின் காதருகே குனிந்து, போர் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னாராம். அவர் எதைக் குறிப்பிட்டார் என்று ரோப்பருக்கு அப்போது புரியவில்லை.

லாம்பெத்தில் அவர் செய்தது நாம் கவனிக்கத்தக்கது. வாரிசுகளைப் பற்றிச் சத்தியம் செய்ய அவருக்குத் தடையில்லை. ஆனால் எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த வாசகத்தின் மேல் சத்தியம் செய்ய மறுத்துவிட்டார். ஏன் என்று காரணமும் சொல்லவில்லை. சொன்னால் மன்னனை எதிர்த்துப் பேசியதாகும் என்பது சட்டம் படித்த அவருக்குத் தெரியும். சத்தியம் செய்த மற்றவர்களை அவர் ஒரு சொல்லால்கூடக் குறை சொல்லவில்லை. அவரவர் மனச்சான்று அவரவர்க்கு என்று விட்டுவிட்டார். ஏப்ரல் 17-இல் அவரை லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தனர்.

இங்கேதான் மார்கரெட்டின் சோதனை தொடங்குகிறது. அவளும் சத்தியம் செய்தாள். கடவுளின் சட்டம் இடங்கொடுக்கும் அளவிற்கு என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துக்கொண்டு செய்தாள். அதனால் தந்தையைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. சந்திக்கும்போதெல்லாம் தந்தையும் மகளும் முதலில் ஏழு தவச் சங்கீதங்களையும் பிரார்த்தனை மாலையையும் சொல்லி முடித்த பிறகே மற்றவற்றைப் பேசுவார்கள். அப்போது மார்கரெட் வாதாடினாள். இத்தனை ஆயர்களும் அறிஞர்களும் செய்த ஒன்றை நீங்கள் மட்டும் ஏன் மறுக்கவேண்டும் என்று தான் கற்ற தர்க்கத்தையெல்லாம் எடுத்து வைத்தாள். மூர் அவளைப் பார்த்துச் சிரித்து, ஆதாமைச் சோதிக்க வந்த ஏவாளோ என்று கேட்டார். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வேதனையை அவருடைய கடிதம் காட்டிவிடுகிறது. தமக்கு நேரக்கூடிய கொடுமைகளில் எதுவும், தம் அன்பு மகளே தம்மை மனம் மாற்ற முயன்றதைப்போல் தம்மை வருத்தவில்லை என்று அவளுக்கே எழுதினார். இரவெல்லாம் கண்விழித்துக் கணக்குப் பார்த்ததை அவர் சொன்னதும் அவளிடந்தான்.

மார்கரெட்டைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தந்தைக்கு நம்பிக்கையும் வேண்டும், அந்தத் தந்தையும் உயிரோடு வேண்டும் என்று ஒரு மகள் ஆசைப்பட்டதில் என்ன தவறு? தம் உயிரின் விலையை அவர் தாமே கணக்குப் பார்த்துத் துணிந்தார். அவளுக்கோ அந்தக் கணக்கை யாரோ எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆலிஸ் அம்மையாரும் சிறைக்கு வந்தார். செல்சீயில் அழகான வீடும் நூலகமும் தோட்டமும் இருக்க, எலிகளோடும் சுண்டெலிகளோடும் இந்த அழுக்குச் சிறையில் அடைபட்டுக் கிடப்பது என்ன புத்தி என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். நம் வீட்டைப்போலவே இந்த இடமும் விண்ணகத்திற்கு அருகில்தானே இருக்கிறது என்று கணவர் அமைதியாகச் சொன்னார். அம்மையாருக்கு அந்தப் பதில் நிறைவளிக்கவில்லை. ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். சிறைக் கைதியின் உணவுக்குக் குடும்பமே பணம் கட்டவேண்டும். மூருக்கும் அவருடைய பணியாளுக்குமாக வாரம் 15 ஷில்லிங். 1534 முடிவதற்குள் பாராளுமன்றம் மூரின் நிலபுலன்களைப் பறிமுதல் செய்தது. அப்போதும் அந்த அம்மையார் பணம் கட்டுவதை நிறுத்தவில்லை. தம் உடைகளை விற்றுக் கட்டினார். வேறு வழியின்றி அமைச்சர் கிராம்வெல்லுக்கு அவரே மன்றாடிக் கடிதம் எழுதினார். கணவரின் கொள்கை புரியாமலேயே, கணவரைக் கைவிடாமல் தம் துணிகளை விற்ற அந்தப் பெண்ணை எப்படி ஏளனம் செய்வது?

1535 மே 4-இல் மூன்று கர்த்தூசிய மடத் தலைவர்களும் வேறிரு குருக்களும் கோட்டையிலிருந்து கொலைக்களத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அன்று மார்கரெட் தந்தையோடு இருந்தாள். இருவரும் சன்னல் வழியே பார்த்தனர். திருமணத்திற்குப் போகும் மாப்பிள்ளைகளைப்போல் அவர்கள் மகிழ்வோடு போகிறார்கள், பார் என்று மூர் மகளுக்குக் காட்டினார். தாம் இளமையில் விட்டுவந்த மடத்தின் துறவிகளை அவர் மீண்டும் கண்டது இப்படித்தான்.

ஜூன் 12-இல் அவருடைய நூல்களையும் எழுதுபொருட்களையும் எடுத்துச் செல்ல ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு ரிச்சர்ட் ரிச் என்னும் அரசு வழக்கறிஞனும் வந்தான். அவன் நட்பாகப் பேச்சுக் கொடுத்து, சட்டக் கேள்விகள் சில கேட்டான். நூல்கள் போன பிறகு மூர் அறையின் சன்னல்களைச் சாத்திவிட்டு இருளில் செபித்தார். சரக்குப் போன பிறகு கடையைச் சாத்த வேண்டியதுதானே என்பது அவர் சொன்ன காரணம். அதன்பின் கரித்துண்டால்தான் கடிதம் எழுதினார். ஜூன் 22-இல் ஆயர் பிஷர் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

ஜூலை முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மூரின் வழக்கு விசாரணை நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எந்த மண்டபத்தில் நீதி வழங்கினாரோ, அதே மண்டபத்தில் மெலிந்து நரைத்துக் கோலூன்றி நின்றார். பாராளுமன்றத்தால் மன்னனைத் திருச்சபைக்குத் தலைவனாக்க முடியாது என்று தன்னிடம் மூர் கூறியதாக ரிச் சாட்சி சொன்னான். அது பொய்ச் சாட்சி என்று மூர் ஆணையிட்டு மறுத்தார். இத்தனை மாதம் நீதிபதிகளிடமே சொல்லாத ஒன்றை, நம்பத்தகாதவன் என்று நான் நெடுங்காலமாக அறிந்த இவனிடமா சொல்லியிருப்பேன் என்று கேட்டார். பயனில்லை. குற்றவாளி என்று நடுவர்கள் தீர்ப்பளித்த பிறகே அவர் மௌனம் கலைந்து, திருச்சபையின் தலைமையை எந்த அரசனும் எடுத்துக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாக உரைத்தார்.

தீர்ப்புக்குப் பின், கோடரியின் வாய் அவரை நோக்கித் திருப்பப்பட்டவாறு அவரைக் கோட்டைக்கு அழைத்துவந்தனர். படகுத்துறையருகே மார்கரெட் காத்து நின்றாள். தந்தையைக் கண்டதும், ஈட்டியும் கோடரியும் ஏந்திய காவலர் வரிசைக்குள் புகுந்து ஓடி, எல்லோரும் பார்க்க அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். அவர் அவளை ஆசீர்வதித்தார். அவள் விலகிச் சில அடி சென்றாள். தாளமுடியாமல் மீண்டும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சுற்றி நின்ற காவலரே கண்ணீர் விட்டனர். இம்முறை அவள் வாதாடவில்லை. சத்தியம் செய்யுங்கள் என்று கேட்கவில்லை.

ஜூலை 5-இல் மூர் தம் மயிராடையை மார்கரெட்டுக்கு அனுப்பிவைத்தார். கரித்துண்டால் கடைசிக் கடிதத்தையும் எழுதினார். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசி உண்டு, பணிப்பெண்ணையும் மறக்கவில்லை. துறையில் ஓடிவந்து கட்டிக்கொண்டாயே, அந்த நாளைவிட வேறெந்த நாளும் உன் அன்பு எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை என்ற கருத்தும் அதில் இருக்கிறது.

1535 ஜூலை 6-ஆம் நாள் காலை, கோட்டைக்கு வெளியே குன்றின் மேல் அவர் தலை வெட்டப்பட்டது. மேடை ஆட்டங்கண்டிருந்தது. ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னார். நெடுநேரம் பேசக்கூடாது என்று மன்னன் கட்டளையிட்டிருந்தான். ஆகையால் தமக்காக மன்றாடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டு, கத்தோலிக்க விசுவாசத்திற்காக இறப்பதாகச் சில சொற்களில் சொல்லி முடித்தார். குடும்பத்தாருள் அன்று அங்கே நின்றவர் வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸ்.

அவருடைய தலையை லண்டன் பாலத்தின்மேல் கம்பில் செருகி வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின் அதை ஆற்றில் எறியும் வேளையில், மார்கரெட் காவலனுக்குப் பணம் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டாள். தந்தையின் தலையையும் எழுத்துகளையும் வைத்திருக்கிறாய் என்று ஆலோசனை மன்றத்தார் அவளை அழைத்து விசாரித்தனர். அவள் அஞ்சவில்லை. வீட்டார்மேல் விழுந்த அடிகள் அதோடு நிற்கவில்லை. ஆலிஸ் அம்மையார் செல்சீ வீட்டை இழந்தார். சிசிலியின் கணவர் ஜைல்ஸ் ஹெரன் 1540-இல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். செல்சீ பங்குக் குருவான ஜான் லார்க் 1544-இல் மறைசாட்சியானார். அதே 1544-இல் மார்கரெட்டும் இறந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்பதுதான்.

மார்கரெட் கிக்ஸ் செய்த செயல் நம் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திராது. 1537-இல் கர்த்தூசிய துறவிகள் பத்துப் பேரை நியூகேட் சிறையில் கம்பங்களோடு சங்கிலியால் கட்டிப் பட்டினி போட்டார்கள். அவர் பால்காரி வேடத்தில், தலையில் பால் பாத்திரம் சுமந்து, சிறைக்காவலனுக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளே புகுந்தார். பாத்திரத்தில் இருந்தது உணவு. கைகள் கட்டப்பட்ட அத்துறவிகளுக்கு ஊட்டிவிட்டு, அவர்கள் கிடந்த அசுத்தத்தையும் தாமே அள்ளித் துப்புரவு செய்துவிட்டு வருவார். இவர்கள் ஏன் இன்னும் சாகவில்லை என்று மேலிடத்தில் கேள்வி எழும்பவே, காவலன் பயந்து கதவை அடைத்துவிட்டான். அப்போது அவர் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரித்துக் கூடையில் உணவை இறக்கிப் பார்த்தார். கட்டுண்டவர்களால் எடுத்து உண்ண முடியவில்லை. ஒன்பது பேர் சிறையிலேயே மடிந்தனர். அவர் பின்பு நாட்டை விட்டே வெளியேறி, பிளாண்டர்ஸ் நாட்டில் அகதியாக வாழ்ந்து 1570-இல் இறந்தார்.

தாமஸ் மூரையும் ஜான் பிஷரையும் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1935-இல் புனிதர்களாக உயர்த்தினார். இருவருக்கும் திருவிழா ஜூன் 22. 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மூரை அரசியல் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். மார்கரெட் காத்துவைத்த தலை, காண்டர்பரியில் புனித டன்ஸ்டன் ஆலயத்தில் ரோப்பர் குடும்பக் கல்லறையில் உள்ளது.

சிறையில் மூர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த லத்தீன் நூல், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பட்ட துயரத்தைப் பற்றியது. ஆண்டவரைப் பிடிக்க அவர்மேல் கைபோட்ட இடம்வரை எழுதியதோடு அது நின்றுபோயிற்று. 1557-இல் மூரின் ஆங்கில நூல்களை எல்லாம் ஒன்றுசேர்த்து அச்சிட்டபோது, இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் இடம்பெற்றது. மொழிபெயர்த்தவர் மேரி பாசெட் என்னும் பெண்மணி. மார்கரெட்டின் மகள்.